அடுத்தவர் சாம்பிள்

அன்று பட்டறைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். நான் ரத்தினசாமி; ஷூ கம்பெனியில் நாற்பது வருடம் சாம்பிள் ரூம் சூப்பர்வைசராக இருந்தவன். கைப்பை செய்யும் என் மகள் ஷர்மிளா. தோல் விளக்கு செய்யும் தன்சீல் அகமது. துண்டுத் தோலில் கீ செயின் செய்யும் முனவ்வர் பேகம். பெங்களூரிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர் நந்தினி. வேறு யாரும் இல்லை.

ஆம்பூரில் மூடிக்கிடந்த ஒரு ஷெட்டை ஷர்மிளா, தன்சீல், முனவ்வர் மூவரும் பொதுப் பட்டறையாக எடுத்திருந்தார்கள். ஒரே மெஷின், ஒரே கட்டிங் மேசை, ஒரே அலமாரி. அவர்கள் வந்த பிறகுதான் அந்தச் சந்துக்குத் தெருவிளக்கு வந்தது, டீக்கடை வந்தது. ஆனால் பெரிய ஆர்டர் வரவில்லை. இந்த மாதமும் வராவிட்டால் ஷெட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார்.

நந்தினியை அழைத்துவர ஷர்மிளா ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். அலமாரியில் மூவர் சாமானும் கலந்து கிடந்தது. பையர் வரும்போது அடுத்தவர் சாம்பிள் அவர் கண்ணில் படக்கூடாது. எங்கள் தொழிலில் அதுதான் மானம். மகளின் பைகளை மட்டும் மேசையில் வைத்தேன். மற்றதை உள்ளே தள்ளிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"இன்னா சார், எங்களையே வெளிய அனுப்புறீங்க?" என்றார் முனவ்வர்.

"வாங்க ஆபா," என்று தன்சீல் முனவ்வரைப் பார்த்துச் சிரித்தான். "இருந்தா நம்மளையும் உள்ள வச்சுப் பூட்டிடுவாரு."

நந்தினி வந்து மேசையைப் பார்த்தார்.

"மத்தவங்க எங்க? விளக்கு, பை, கீ செயின், மூணும் சேர்ந்து ஒரு ஓட்டலுக்கு வேணும்னு வழியிலதானே ஷர்மிளாகிட்ட சொன்னேன்?"

"அப்பா, சாவி குடுங்க," என்றாள் ஷர்மிளா.

"அடுத்தவங்க சரக்கக் காட்டக்கூடாதும்மா."

"யாருப்பா அடுத்தவங்க? குடுங்கப்பா!"

வெளியாள் எதிரே மகள் குரல் உயர்த்துகிறாள். நான் கொடுக்கவில்லை. அவள் இரண்டாம் முறை கேட்டபோதும் கொடுக்கவில்லை.

"உங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. வேலை எப்படி முடிப்பீங்க?" என்று நந்தினி எழுந்துவிட்டார். தன்சீலும் முனவ்வரும் திரும்பி வருவதற்குள் ஆட்டோ போய்விட்டது.

ஷெட் இப்போது இல்லை. தன்சீல் ஊரை விட்டுப் போய்விட்டான். முனவ்வர் மறுபடி ஷூ கம்பெனி வேலைக்கு பஸ் ஏறுகிறார். ஷர்மிளா ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறாள். எனக்குச் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை.

கூட்டாளிகளை வெளியே தள்ளிவிட்டு, முழு ஆர்டரையும் தானே எடுத்துக்கொள்ளப் பார்த்தாள் என்று பஜாரில் என் மகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அது பொய். அப்போது அவள் ஸ்டேஷனில் இருந்தாள். அனுப்பியவன் நான், பூட்டியவனும் நான்.