பார்த்து முடித்த வார்டு

"ஒரேயடியா முழுங்காதேம்மா. துண்டு துண்டா கேளு" என்றார் மேலாளர்.

முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் குக்கர். மூன்று விசில் வரை பொறுப்பார். அதற்கு மேல் எதிரில் நிற்பவர் வெந்துவிடுவார்.

அவள் கண்ணைக் கசக்கினாள். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டாவது ஷிப்டையும் அவள்தான் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். மாற்றாள் லீவு. காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

விஷயம் வில்லங்கமானது. ஊசி மருந்தில் ஒரு பேட்ச் கெட்டுப்போயிருந்தது. மிச்சத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களுக்குச் சாயங்காலத்துக்குள் அதை முறிக்கும் மாற்று மருந்து ஏற்றியாக வேண்டும். தவறினால் சிறுநீரகம் கைவிட்டுவிடும்.

யார் யார் என்று கம்ப்யூட்டரிடம் கேட்க இரண்டு வழி. ஆஸ்பத்திரி முழுவதையும் சல்லடை போடும் ஒரே பெரிய கேள்வி, அவர்கள் பாஷையில் க்வெரி. அல்லது வார்டு வார்டாகச் சின்னச் சின்ன க்வெரிகள்.

பெரியதைப் போன வாரம் வேறொரு வேலைக்கு ஓட்டினாள். நர்ஸ்களின் கம்ப்யூட்டர் திரைகளெல்லாம் உறைந்து நின்றன. குக்கர் அன்று நாலாவது விசிலும் அடித்தார்.

எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. துண்டு துண்டாகவே கேட்டாள். உயிருக்குப் போராடுகிறவர்கள் முதலில் என்று மேல்மாடித் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஆரம்பித்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகு ஒவ்வொரு வார்டாக இறங்கினாள். வந்த பெயர்களை மருந்தகத்துக்கு அனுப்பினாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் மருந்தகத்து அக்கா போனில்.

"அவ்வளவுதான்கா. என்னைக் கொஞ்சம் சாய விடு."

சாய்ந்தாள். செல்போன் அலறியது. கணவன்.

"பாப்பாவைக் காணோம்!"

தூக்கம் தெறித்தது. "என்ன உளர்றே? கதவு?"

"பூட்டித்தான் இருக்கு. ஹால், கிச்சன், பெட்ரூம் எல்லாம் பார்த்துட்டேன்... இரு இரு. அடி கழுதை! ஹால்லதான் நிக்கறா. நான் பார்த்து முடிச்ச ரூமுக்கு நைசா நழுவியிருக்கா. உன் பொண்ணாச்சே."

அவள் சிரிக்கவில்லை.

பார்த்து முடித்த ரூம்.

தீவிர சிகிச்சைப் பிரிவை முதலில் பார்த்து மூடிவிட்டாள். கீழ் வார்டுகளுக்கு வருவதற்குள் கீழேயிருந்து யாரையாவது மேலே தூக்கிக்கொண்டு போயிருந்தால்? மேலே பார்த்தபோது அவர் மேலே இல்லை. கீழே பார்த்தபோது கீழே இல்லை.

குக்கரிடம் கேட்கவில்லை. கேட்டால் மீட்டிங் போடுவார். பெரிய க்வெரியைத் திறந்தாள். எல்லா வார்டையும் ஒரே கணத்தில் பிடிக்கும் படம். தட்டிவிட்டாள்.

திரைகள் உறைந்தன. போன்கள் கதறின. தாழ்வாரத்தில் குக்கரின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"யாரைக் கேட்டு ஓட்டினே?"

கம்ப்யூட்டரின் பதில் வந்தது. அனுப்பிய பெயர்கள் அத்தனையும். கூடவே புதிதாக ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில்.

அவள் தீவிர சிகிச்சைப் பிரிவின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அந்தப் பெயரைச் சொன்னாள்.

"அந்த லாரி டிரைவரா?" என்றாள் அங்கிருந்த நர்ஸ். "இப்பத்தான் கீழேயிருந்து வந்தாரு. யூரினே இறங்கல. ஏன்னு புரியாம டாக்டர் மண்டையப் பிச்சுக்கறாரு."

"கெட்ட பேட்ச் அவருக்கும் போட்டிருக்கு சிஸ்டர். மாற்று மருந்து உடனே ஏத்தச் சொல்லுங்க. ஓடுங்க!"

அந்தப் பக்கம் ரிசீவர் மேஜையில் விழுந்தது. ஓடும் காலடிகள். குக்கர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

கடைசியில் நர்ஸின் குரல், மூச்சு வாங்க: "ஏத்தியாச்சும்மா. நேரத்துக்குச் சொன்னீங்கன்னு டாக்டர் சொல்றாரு. தப்பிச்சிடுவாராம்."

அவள் தலையை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டாள்.

குக்கர் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும்... திரை நின்னதுக்கு விளக்கம் எழுதிக் குடுத்துடும்மா."

"தர்றேன் சார்" என்றாள் நிமிராமலே. "துண்டு துண்டா எழுதவா, ஒரேயடியாவா?"

விசில் வரவில்லை. குக்கர் அந்த ஆறிய காபியை எடுத்துக்கொண்டு போய், சூடாக வேறொன்று கொண்டுவந்து வைத்தார்.

அவள் தூங்கியிருந்தாள்.