குட்டையில் கரைத்த கள்ளிப்பழம்

"கள்ளிச் சாறை ஊத்தினது நீதான்னு ஒத்துக்கிட்டாத்தான் என்ன? குட்டையே ரத்தமா நிக்குது" என்று குரு போட்ட சத்தத்தில், பக்கத்துக் கொல்லையில் சாமந்தி பறித்துக்கொண்டிருந்த பானுமதி கூடையை அப்படியே போட்டுவிட்டு வரப்பேறி வந்துவிட்டாள். அடுத்த வூட்டுச் சண்டை என்றால் அவளுக்குக் காலைக் காபியே வேண்டாம்.

"நான் தீனியில தடவித்தான் போடுவேன். தண்ணியில எதுக்குங்க ஊத்தறேன்?" என்று அவன் பெண்டாட்டி கோகிலவாணியும் விடவில்லை.

சண்டை போட நேரமில்லைதான். இறால் எல்லாம் கரையோரம் ஒதுங்கி, மூச்சுக்குத் தலையை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணியில் காற்றைக் கலக்கிற ஏரேட்டரில் நின்றிருந்த இரண்டாவதையும் குரு போட்டுவிட்டான். போர் தண்ணி ஒரு பக்கம் பாய்ந்தது. கை வேலை செய்ய, வாய் பெண்டாட்டியைத் திட்டியது.

அதியமான்கோட்டையில் இறாலா என்று ஊரே சிரித்த குட்டை அது. போரில் உப்புத் தண்ணி வந்து சோளம்கூடக் கருகிப்போன மூலைக்காட்டில், ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த குரு பள்ளம் வெட்டி, ஷீட் விரித்து, குஞ்சு விட்டான். அவன் அப்பா மாரியப்பன் பிறந்ததிலிருந்து மாட்டோடு இருக்கிற மனுசன். பூச்சி வளர்க்கவா இவனைப் படிக்க வைத்தேன் என்று டீக்கடையில் தினமும் ஒரு தடவை கேட்பார். இந்தத் தடவை விட்ட குஞ்சும் போச்சென்றால் ஜேசிபி விட்டுக் குட்டையை மூடிவிடுவேன், புருசனும் பெண்டாட்டியும் ஓசூருக்கே போகலாம் என்று சொல்லியும் வைத்திருந்தார்.

ஓசூர் என்றாலே கோகிலவாணிக்கு அங்கே இருந்த ஒற்றை அறைதான் நினைவுக்கு வரும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர், நனைந்த துணி காய்வது கட்டிலுக்கு மேலே. இங்கே அவளுக்கென்று வானம் தெரிகிற ஒரு குட்டை இருந்தது. அதற்காக எதையும் செய்வாள்.

அப்படிச் செய்ததில் ஒன்றுதான் சப்பாத்திக்கள்ளிப் பழம். வெயிலையும் நோயையும் தாங்க இறாலுக்கு ஆன்டிஆக்சிடன்ட் நல்லது, செக்கச்செவேலென்ற பழங்களில் அது நிறைய இருக்கிறது என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்தாள். அந்த வார்த்தையைப் பானுமதி தெருமுனை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், அங்கே கீழே போட்டுவிட்டாள். கோகிலவாணி விடவில்லை. வேலியோரத்துப் பழத்தை நெருப்பில் வாட்டி, முள்ளைத் துடைத்து, பிசைந்து வடிகட்டி, தீனியில் கொஞ்சமாகத் தெளித்து, எண்ணெய் தடவி நிழலில் உலர்த்திப் போட்டாள். ஓடு பளபளக்குது என்று குருவே போன வாரம் அப்பாவிடம் பெருமை பேசினான். அவர் "ம்" என்றார், மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வலை எடுக்க மாட்டுக் கொட்டாய்க்கு ஓடிய கோகிலவாணி அங்கே மாமனாரைப் பார்த்தாள். மாட்டுக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். டீ கிளாஸைத் துண்டு சுற்றிப் பிடித்திருந்தார். கொதிக்கிற டீயை வெறுங்கையில் வாங்கி ஒரே மூச்சில் குடிக்கிறவர். கழுநீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு பக்கெட், அடியில் கள்ளிப்பழத் தோல்.

சாறை ஊற்றியது யார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஈன்ற மாட்டுக்கு வெல்லமும் தவிடும் எப்படிக் கொடுப்பார்? தொட்டியில் கொட்டி, கைவிட்டுக் கலக்கித்தான். ஆனால் மாடு தொட்டிக்கு வெளியே நிற்கும். இறால் அதற்குள்ளேயே அல்லவா இருக்கிறது? அத்தனை சாறும் குட்டையில் புளித்துத் தண்ணியின் காற்றைத் தின்றுவிட்டது.

"நேத்து வெயிலு கொளுத்துச்சு கண்ணு" என்றார் அவர், மாட்டைப் பார்த்துக்கொண்டே. "நீ சொட்டுச் சொட்டாக் குடுக்கற. அத்தினி உசுருக்கு அது எப்பிடிப் பத்தும்?"

கோகிலவாணி வலையைக் குருவின் கையில் கொடுத்துவிட்டு வூட்டுக்கு ஓடி, புருவம் திருத்துகிற இடுக்கியோடு திரும்பினாள். "கையைக் குடுங்க மாமா."

அவர் விரலெல்லாம் ஏறியிருந்த கள்ளிமுள் கண்ணுக்கே தெரியாது, பூனைமுடி மாதிரி. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பிடுங்க வேண்டும். இவரைக் காட்டிக்கொடுத்தால் அப்பனும் மகனும் ஆயுசுக்கும் பேச மாட்டார்கள். பழியைத் தானே ஏற்றால் ஜேசிபி வரும். எது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை, அதற்குள் குரு வந்து நின்றான். பின்னாலேயே பானுமதியும், சும்மா தாம்புக்கயிறு கேட்க வந்தவள் மாதிரி.

"பாதி செத்துப்போச்சுப்பா. நீங்க சொன்னதே சரி. ஜேசிபிக்குச் சொல்லிடுங்க. எல்லாம் இவளால."

மாரியப்பன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ஜேசிபி எதுக்கு? ஊத்தினவன் நானு" என்றார்.

குரு முள்ளைப் பார்த்தான், பக்கெட்டைப் பார்த்தான். இத்தனை நாள் பூச்சி பூச்சி என்று சொன்ன மனுசனை என்னவென்று திட்டுவது?

"நிக்கறதை விட்டுட்டுப் போய்ப் பாரு" என்றார் அப்பா. "ரெண்டாவது ஏரேட்டர் சத்தம் நின்னுபோச்சு."

உண்மையிலேயே நின்றிருந்தது. குட்டைப் பக்கமே திரும்பாத ஆளுக்கு எந்த ஏரேட்டர் எப்படிச் சத்தம் போடும் என்று எப்படித் தெரியும் என்று பானுமதி அன்றைக்குப் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாள்.

பாதி பிழைத்தது. ஒகேனக்கல் வறுவல் கடைக்காரர் ஒருத்தர் வந்து வாங்கிக்கொண்டு போனார். லாபம் என்று சொல்ல முடியாது, ஆனால் குட்டையை மூடுகிற பேச்சு அதற்கப்புறம் எழவேயில்லை. கோகிலவாணி திரும்பவும் கள்ளிப்பழம் வாட்டினாள். பறித்துக் கொண்டுவருவது மாமனார், கையில் சாக்குப்பை சுற்றிக்கொண்டு. ராத்திரி ஏரேட்டர் சத்தம் காதில் விழவேண்டும் என்று தன் கட்டிலையும் குட்டை மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

தை மாதம் குருவின் தங்கை யுவராணியைக் கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். மறுவிருந்தில் இலையில் விழுந்ததைப் பார்த்து, இது என்ன பூச்சி என்று சம்பந்தி கேட்டுவிட்டார். மாரியப்பனுக்கு முகம் சிவந்துபோனது. இறாலுங்க, நம்ம காட்டுது என்றார், சம்பந்தி சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே நின்றார்.

ஓசூருக்குப் போனது கடைசியில் பானுமதிதான், மகனோடு. ஜன்னலைத் திறந்தால் அங்கே சுவர்தானாம். சண்டை கேட்கிறதாம், ஆனால் கன்னடத்தில். அதனால் தினமும் கோகிலவாணிக்குப் போன் போட்டு, உங்க மாமனார் கட்டிலை வூட்டுக்குக் கொண்டு வந்துட்டாரா என்று கேட்கிறாள். இல்லைங்கக்கா, இன்னும் குட்டை மேட்டுலதான் என்கிறாள் இவள்.