பொன்னுருக்கு நாளில் ஓர் அதிர்வு

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். வரிசை மாறினால் யார்மேல் கோபப்படுவது என்பதும் மாறிவிடும்போல் இருக்கிறது.

நேற்றுக் காலை சிகாமட்டில், ரூபேந்திரன் வீட்டில், எங்கள் கல்யாணத்துக்குப் பொன்னுருக்கினார்கள். தாலிக்கான தங்கக்காசை மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரம் பார்த்து, ஆசாரி உருக்குவார். அங்கே பெண் இருக்கக் கூடாது. உருக்கிய பிறகு கல்யாணம்வரை மாப்பிள்ளையைப் பார்க்கவும் கூடாது, அந்த வீட்டுக்குள் கால் வைக்கவும் கூடாது. சிலோனிலிருந்து மலேசியாவுக்கு வந்த எங்கள் குடும்பங்களில் இதை இன்னும் யாரும் விடவில்லை. அதனால் அப்பா போனார். நான் பத்து பாகாட்டில் வீட்டிலேயே இருந்து, எந்தப் புடவைக்கு எந்த வளையல் என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

கைப்பேசி அடித்தது.

“மகள், இங்க ஆட்டம் வந்துச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல” என்றார் அப்பா.

ஆகஸ்டில் முதல் நிலநடுக்கம் வந்ததிலிருந்து சிகாமட்டில் சின்ன அதிர்வுகள் வந்து வந்து போகின்றன. அதனால் நான் முதலில் பயப்படவில்லை.

“பொன் உருக்கியாச்சாப்பா?”

“உருகிடுச்சு. ஆசாரி குறடுல தூக்கினாரு பாரு, அப்பத்தான் தரை ஆடிச்சு. கை தடுமாறி, தங்கம் கரிக்குள்ள கொட்டிடுச்சு.”

“அப்புறம்?”

“கிளறி எடுத்துட்டாரு. ஒண்ணும் குறையலைங்க, இன்னொரு தடவை வைக்கிறேன்னாரு. உன் சித்தப்பன் ஹேமநாதன் வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருந்தானா? ‘அலமாக், பூமியே டான்ஸ் ஆடுது, கல்யாணம் கிராண்ட்தான்லா’ன்னான். ஒருத்தரும் சிரிக்கல.”

“மாமி என்ன சொன்னாங்க?”

“அடுப்பை அணைக்கச் சொல்லிட்டாங்க.”

மாமி என்பது ரூபேந்திரனின் அம்மா செல்லப்பாக்கியம். கெட்டவர் இல்லை. அவருடைய மூத்த மகளுக்குப் பொன்னுருக்கிய அன்று குத்துவிளக்கு அணைந்ததாம். காற்றுதானே என்று விட்டுவிட்டார்களாம். அந்த மாப்பிள்ளை மறு வருடமே நெடுஞ்சாலையில் இறந்துபோனார். இந்த முறையும் கவனிக்காமல் இருந்துவிடுவோமோ என்று அவர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

நான் மாமியை நம்பி இருக்கவில்லை. ரூபேந்திரனை நம்பியிருந்தேன். நாங்கள் சந்தித்ததே மாலை வகுப்பில்தான், தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாடத்தில். முதல் நிலநடுக்கத்துக்கு அடுத்த வகுப்பில் நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவன் என் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து வளைத்துக் காட்டினான். “அடியில பாறை இப்படித்தான் அழுந்திக்கிட்டு இருக்கும். தாங்க முடியலைன்னா நழுவும். அதுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது” என்றான். அன்றைக்குத்தான் அவனை எனக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். முன்பே பிடித்திருந்ததா, தெரியவில்லை.

நேற்று முழுக்க அவன் கைப்பேசியை எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு செய்தி மட்டும் வந்தது: “அம்மா யோசிக்கிறாங்க. கொஞ்சம் டைம் குடு.”

இன்று மதியம் அப்பாவிடம் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு சிகாமட் போனேன். சரியா தப்பா என்று வழியெல்லாம் யோசித்தேன். இரண்டு தடவை ஓரமாக நிறுத்தினேன். அவன் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று அழைத்தபோது, ஒருவழியாக எடுத்தான்.

“எங்க இருக்க?”

“உங்க வீட்டு வாசல்ல. வெளிய வா, பேசணும்.”

மாடி ஜன்னலில் திரை அசைந்தது. “பார்க்கக்கூடாதுலா, தர்மினி. பொன்னுருக்கிட்டாங்க.”

“அப்ப கல்யாணம் இருக்கு. அதைச் சொல்லு, திரும்பிப் போயிடுறேன்.”

அவன் ஜன்னல் திரையை இழுத்து மூடினான்.

“உருக்கினது செல்லாதுன்னா, பார்க்கிறதுல தப்பே இல்ல. இறங்கி வா. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு.”

“நீ எப்பவும் இப்படித்தான், எல்லாத்தையும் ரெண்டாப் பிரிச்சு வைப்ப.”

“நீதான ஸ்கேலை வளைச்சுக் காட்டின?”

“அது பாறைக்குலா” என்றான். குரல் உடைந்திருந்தது. “அம்மா ராத்திரியெல்லாம் அக்கா கல்யாணப் படத்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க. அவங்ககிட்ட போய் நான் பாறையைப் பத்திப் பேசவா?”

“அம்மாகிட்ட வேணாம். என்கிட்ட பேசு.”

நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு சொல் வந்தால் போதும் என்று நின்றேன். கார் சாவி உள்ளங்கையில் அழுந்திக்கொண்டே இருந்தது.

வீட்டுக் கதவு திறந்தது. வந்தவர் மாமி. தூங்காத கண்கள். மெதுவாக நடந்து வந்து கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார்.

“வெயில்ல நிக்கிறியே பிள்ளை” என்று என் கையைப் பிடித்தார். அவ்வளவு அன்பாக இதற்கு முன் அவர் என்னைத் தொட்டதில்லை. “உள்ள வா. ஒரு டீ குடிச்சிட்டுப் போ.”

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது. மருமகளாக வரப்போகிறவளை இந்த நாட்களில் மாமி வாசல்படி மிதிக்க விடவே மாட்டார். கூப்பிடுகிறார் என்றால் நான் இனி யாரோ வீட்டுப் பெண்.

“வேணாம் மாமி” என்றேன்.

அவர் கையை விடவில்லை. அழத் தொடங்கிவிட்டார். என் காதில் ரூபேந்திரன் இன்னும் இணைப்பிலேயே இருந்தான். அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.