உமாபதியின் தகரக் கிரீடம்

முசஃபா தொழிற்பேட்டைப் பட்டறையில் ஏசி குழாய்த் தகட்டை வெட்டிச் செய்த கிரீடம், உமாபதியின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மிதந்தது. தலையில் உட்கார மறுத்தது. அபுதாபித் தமிழ்க் குடும்பங்கள் அந்த வருஷம் போட்டது, நானூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலாந்துத் துன்பியல் பாணி நாடகம். ராஜாவைக் கொன்று நாட்டைப் பிடித்தவன் கடைசியில் விழுவான். ராஜாவின் மகன் முடிசூடுவான். கொன்றவன் வேஷம் யாழ்ப்பாணத்துக் கனகரத்தினத்துக்கு. அவர் தலைக்கு மேலும் கிரீடம் மிதந்தது. அது சரிதான், திருடின முடி. மகனாக வரும் உமாபதிக்கும் மிதந்தால் ஜனங்கள் யாரை ராஜா என்று நம்புவார்கள்?

"ரத்த உரிமை மட்டும் போதாதுங்க," என்றாள் நாடகத்தை எழுதிய நளினி, உமாபதியின் மனைவி. "கெட்ட ராஜாவுக்கு அவன் ஆசைதான் சட்டம். நல்லவன், தான் போட்ட சட்டத்துக்குத் தானே அடங்குவான்."

"அதெல்லாம் வசனத்துல வச்சுக்கோ. நான் இதை ஒட்டப் பசை வாங்கிட்டு வரேன்."

நேரத்துக்கு வராதவருக்கு வேஷம் இல்லை என்று சட்டம் போட்டவர் உமாபதிதான். அல் ஐனிலிருந்து வரும் பஸ் தாமதமாகி, பாலா தன் தூதன் வேஷத்தை இழந்து திரைக்கயிறு இழுக்கப் போனதும் அதனால்தான். நாடகத்தன்று நல்ல பசை தேடிக் கடை கடையாக ஏறிய உமாபதி, மணி அடித்த பிறகு மூச்சிரைக்க வந்தார்.

"அஞ்சு நிமிசம்தானே அண்ணை, ஆர் கேக்கப் போகினம்? உடுப்பை மாத்துங்கோ," என்றார் கனகரத்தினம்.

உமாபதி பாலாவைப் பார்த்தார். "உனக்கு வசனம் தெரியுமாடா?"

"கயித்துப் பக்கத்துல நின்னு கேட்டுக்கேட்டு உங்க இருமல்கூடத் தெரியும் சார்."

"அப்ப என் வேஷத்தை நீ கட்டு. கயித்தை எங்கிட்ட குடு."

கடைசிக் காட்சியில் தட்டில் வந்த கிரீடம் பாலாவிடம் போகவில்லை. மேடையைக் குறுக்கே கடந்து, கயிற்றோடு நின்ற உமாபதியின் தலையில் டங்கென்று அமர்ந்தது. பாலா அசரவில்லை. அந்தப் பக்கம் திரும்பி மண்டியிட்டு, "ராஜா அங்கே இருக்கிறார்!" என்றான். அரங்கமே எழுந்து கைதட்டியது. நளினி விசிலே அடித்தாள்.

கிரீடம் அப்புறம் கழலவில்லை. கம்பெனி பெரிய ஹெல்மெட் கொடுத்தது. ஊருக்குப் போகையில் ஏர்போர்ட் அதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "கலாஸ், யல்லா," முடிந்தது, கிளம்பு என்று அரபியில் சொல்லி முத்திரை குத்தினார். எங்காவது போகத் தாமதமானால் மட்டும் அது ஒரு விரற்கடை எழும்பும்; உமாபதி நடையை எட்டிப் போடுவார், அதுவும் உட்கார்ந்துகொள்ளும்.