கடல் கொன்ற நாடு

"கடல் கொன்ற நாடு" என்று ரெனிட்டா மேடையில் வாசித்தாள். நாற்காலிகளில் சிரிப்பு. எழுதிக் கொடுத்திருந்தது "கடல் கொண்ட நாடு". என் தங்கை புனேயில் பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"கொண்டன்னு படிம்மா. குமரிக்கண்டத்தைக் கொலைக் கேஸ் ஆக்கிட்டியே!" என்றார் தமிழ்ச் சங்கச் செயலாளர் பாலச்சந்திரன். மறுபடி சிரிப்பு. என் பக்கத்தில் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

புனேயை ஒட்டிய நிக்டியில் ஒரு பள்ளிக்கூட ஹால். 2005 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை மாலை. பூம்புகார் கடலில் மூழ்கித் தேடிய பாஸ்கர் என்பவர் படம் காட்ட வந்திருந்தார். இரவு ஷிஃப்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்த என்னை அப்பா எழுப்பிக் கூட்டி வந்தார். நான் காலேஜைப் பாதியில் விட்டபோதுகூட அவர் என் கட்டிலருகே வந்து நின்றதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அம்மா வேளாங்கண்ணி போனாள். மறுநாள் காலை அலை வந்தது. உடல் கிடைக்கவில்லை. முதலாண்டுப் பூசையைப் பற்றிப் பங்குச்சாமியார் கேட்கும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "காணாமப் போனவளுக்கு எதுக்கு ஃபாதர் பூசை?" கடலுக்கடியில் ஊர் கிடைத்ததாகப் பேப்பரில் வந்தால் விடாமல் படிப்பார். ஆயிரக்கணக்கான வருஷம் கழித்து ஒரு ஊரே அகப்படும் என்றால் ஒரு பெண்பிள்ளை அகப்பட மாட்டாளா என்பது அவர் கணக்கு. அம்மா செத்துவிட்டாள் என்று வீட்டில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை.

திரையில் கலங்கிய பச்சைதான் தெரிந்தது.

"கையை நீட்டினா கை தெரியாது. தடவித்தான் பாப்போம்" என்றார் பாஸ்கர்.

"அரண்மனை ஏதாவது?" என்று ஒருவர் கேட்டார்.

"கல்வரிசை ஒண்ணு பாத்தோம் சார். அது மனுஷன் வெச்சதுதானான்னு இன்னும் சண்டை."

ஹாலுக்கு ஏமாற்றம். அப்பா எழுந்தார்.

"தம்பி, தண்ணிக்கடியில எதெல்லாம் மிஞ்சும்?"

"கல்லு, சுட்ட மண்ணு, தங்கம்."

"துணி?"

"போயிடும் சார்."

"எலும்பு?"

பாஸ்கர் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினார். "அந்த அலையில நிக்காது. மணல் அரைச்சிடும்."

"சரிங்க." அப்பா உட்கார்ந்தார். நல்ல கேள்வி என்று பாலச்சந்திரன் கைதட்டினார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள போபோடி ரயில்வே கேட்டை நோக்கி நடந்தோம்.

"சாரிப்பா. எல்லார் முன்னாலயும் தப்பாப் படிச்சு கட்பட் பண்ணிட்டேன்" என்றாள் ரெனிட்டா.

"நீ படிச்சதுதான் சரி. கொண்டுபோயிருந்தா எங்கயாச்சும் வெச்சிருக்கணும்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"ஜெரோஷ், ஃபாதர்ட்ட சொல்லிரு. பூசை வெச்சிரலாம்."

"சரிப்பா."

கேட் மூடியிருந்தது. சென்னையிலிருந்து மும்பை போகும் வண்டி வந்தது. வருஷம் முழுக்க இந்த வண்டி போகும்போதெல்லாம் அப்பா இங்கே நின்று ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பார். வருகிறவள் புனே ஸ்டேஷனிலேயே இறங்கியிருப்பாளே, அதைத் தாண்டி வரும் வண்டியில் எப்படி இருப்பாள் என்று நாங்கள் கேட்டதில்லை.

அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு லேசாகக் குனிந்தார். ஒவ்வொரு ஜன்னலின் வெளிச்சமும் அவர் முகத்தில் விழுந்து நகர்ந்தது.