ஒன்றரை அந்தோணியார்

“ஒன்பதாவதோட நின்னவ பேரைப் போட்டா எவன் நம்புவான்?”

பிரான்சிஸ் அப்படிக் கேட்டபோது வெனிலா தலையைக் குனிந்துகொண்டாள். விழுப்புரத்தில் அவனுடைய பிரவுசிங் சென்டரில் அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அது, 2008. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள கோயில் ஒன்றின் அந்தோணியார் திருவிழாவுக்கு ஒரு வெப்சைட். படம், எழுத்து, கொடியேற்றம், தேர்பவனி விவரம் எல்லாம் அவளே செய்தாள். அடியில் ‘உருவாக்கம்: வெனிலா’ என்று ஒரு வரி போடலாமா என்றுதான் கேட்டாள். அந்த வரியில் அவன் தன் பேரைப் போட்டுக்கொண்டான். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

நெட்டில் ஏற்றும் முன் பங்குத்தந்தை பார்க்க வேண்டும். பிரான்சிஸ் பைக்கில் போனான். அவள் பென் டிரைவோடு பஸ்ஸில் போனாள். ஏதாவது மாற்றச் சொன்னால் மாற்ற ஆள் வேண்டுமே.

பங்கு அலுவலகத்தில், துபாயில் இருக்கும் யாரோ வாங்கிக் கொடுத்த புது மானிட்டர், நல்ல பெரியது. பக்கம் திறந்தது. எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இடது ஓரத்தில் ஒதுங்கி நின்றது. பின்னணியில் அந்தோணியார், கையில் குழந்தை இயேசுவோடு. அவருக்கு வலப்பக்கம் இன்னொரு அந்தோணியார், பாதி உடம்போடு.

கோயில் கமிட்டிப் பெரியவர் சவரிநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “இன்னாய்யா இது, ஒண்ணரை அந்தோணியாரு? இந்தாண்ட நிக்கறவரு கையில குழந்தையக் காணோம். பஸ் ஸ்டாண்டுலயே வுட்டுட்டு வந்துட்டீங்களா?”

பங்குத்தந்தைக்குச் சிரிப்பு வரவில்லை. “புனிதரை இப்படியா வெட்டி வைப்பாங்க, பிரான்சிஸ்?”

“நான் இல்லீங்க ஃபாதர். இந்தப் பொண்ணுதான் பண்ணுச்சு. வெனிலான்னு பேரு. ஒன்பதாவதுதான் படிச்சிருக்கு.”

இத்தனை நாள் வராத பேர், இப்போது எவ்வளவு சுலபமாக வருகிறது. வெனிலாவுக்குக் காது இரண்டும் கொதித்தது. தப்பு அவளுடையதுதான். கடையில் இருப்பதெல்லாம் சின்ன மானிட்டர். அந்த அகலத்துக்கே படத்தை அளந்து வைத்திருந்தாள். திரை அதைவிட அகலமானால், மிச்ச இடத்தில் அதே படம் மறுபடி வந்து நிரம்பிவிடும் என்பது இங்கே பார்த்த பிறகுதான் உறைத்தது. ஆனால் போன வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் “நான் பண்ணதுங்க” என்று இதையே காட்டிப் பெருமையடித்த பிரான்சிஸின் வாய்தானே அது?

“நின்னுகினு இன்னா பாக்கறே? ஜல்தி சரி பண்ணு,” என்றான் பிரான்சிஸ்.

உட்கார்ந்தாள். படம் ஒரே முறைதான் வர வேண்டும், நடுவில் வர வேண்டும் என்று எழுதினாள். எழுத்துகளையும் நடுவுக்கு நகர்த்தினாள். பிறகு அடிவரிக்குப் போனாள். அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் பேரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

பக்கத்தை மறுபடி திறந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளையாக இடம் விட்டு, ஒரே அந்தோணியார் குழந்தையோடு நின்றார்.

“ஆங், இப்ப குழந்தை வந்துடுச்சு,” என்றார் சவரிநாதன். கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். “உருவாக்கம், வெனிலா. ஒன்பதாம் வகுப்பு.” திரும்பினார். “இன்னா பிரான்சிஸு, சரிதானே? நீதானே சொன்னே.”

பிரான்சிஸின் முகம் கறுத்தது. மேஜை மேல் கிடந்த பைக் சாவியை எடுத்தான். யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.