செயலாளர் வரவழைத்த ஈஸ்டர்

திருச்சபை ஆண்டைப் பற்றிக் கேட்டால் எங்கள் போதகர்கூடச் சற்று யோசிப்பார். சபைச் செயலாளர் யோசிக்க மாட்டார். எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம் பேசுவார். பீடத்தின் மேல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலத்துக்கும் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்துக்கும் ஊதா விரிப்பு, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற நாளெல்லாம் பச்சை. ஆண்டில் பாதி பச்சைதான். அந்தப் பாதியில் அவருக்குப் பேச ஒன்றும் இருக்காது. அது ஆண்டவர் எங்களுக்குத் தந்த ஓய்வு.

அந்த விரிப்புகளையெல்லாம் இருபது வருடமாகத் தைத்துக் கொடுத்தவர் பின்தெருவில் கடை வைத்திருந்த தையற்கார அக்கா. போன பச்சைக் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப்போனது. நடப்பீர்கள் என்றார் மருத்துவர், பேசுவீர்கள் என்றார். ஊசியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று அக்கா குழுக்கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"பழைய வெள்ளை மெழுகு பட்டு மஞ்சளாயிடுச்சு. ஈஸ்டருக்குப் புதுசு நான் தைக்கிறேன்."

செயலாளர் அவர் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். "உங்கமேல மரியாதை இல்லாம இல்லக்கா. ஆனா பீடம்னா ஒரு தரம் வேணும். ஜரிகை வச்சு, கம்பெனில ஆர்டர் குடுத்தாச்சு."

"உங்க ஆர்டர் உங்ககிட்ட இருக்கட்டும் தம்பி. என் கைக்கு நாப்பது நாள் வேலை வேணும்."

"வீணா எதுக்குச் சிரமப்படறீங்க?"

"பின்ன லெந்து எதுக்கு?"

அந்த லெந்தில் பலர் இறைச்சியை விட்டார்கள். செயலாளர் தேநீரில் சர்க்கரையை விட்டார். விட்டதைச் சொல்வதை மட்டும் விடவில்லை. அக்கா எதையும் விடவில்லை, பிடிக்கத்தான் முயன்றார். முதல் வாரம் ஊசி விரலில் நிற்கவே இல்லை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவர் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூல் கோத்தார்.

"இவ்ளோ சின்ன ஓட்டையில நான் எதையும் நுழைச்சதில்ல."

"மளிகைக்கடை சுவத்துல பஸ்ஸையே நுழைச்சீங்களே."

"அங்க ஓட்டையே இல்ல. நான் போட்டதுதான்."

தைத்தார், பிரித்தார், மறுபடி தைத்தார். மூன்றாம் வாரம் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு வரி, குடித்துவிட்டு வந்த எறும்பு நடந்த மாதிரி. ஐந்தாம் வாரம் ஓரத்தில் ஒரு கோதுமைக் கதிர். கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. காற்றில் கதிர் சாயாதா என்றார் கணவர்.

பெரிய வெள்ளியன்று வழக்கப்படி பீடத்தை வெறுமையாக்கினார்கள். சனிக்கிழமை காலை வெள்ளை விரிக்க வேண்டும். பார்சல் வரவில்லை. செயலாளர் எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கம்பெனிக்காரனை அதட்டினார்.

"சார், நீங்க எழுதிக் குடுத்த தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே" என்றான் அவன்.

எல்லார் கண்ணும் உடைமாற்றும் அறையின் சுவருக்குப் போனது. அங்கே தொங்கியது போன வருட நாட்காட்டி. அதன் ஈஸ்டர் பக்கத்தில், பவனிக்கு முன்னால் சிலுவை ஏந்தி நடக்கும் செயலாளரின் படம். அந்தப் பக்கத்தைத் திருப்ப அவருக்கு மனம் வரவில்லை, மற்றவர்களுக்குத் துணிவு வரவில்லை. ஈஸ்டர் நிலாவைப் பார்த்து ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும் என்று எங்களுக்கு முக்கால் மணி நேரம் விளக்கியவர், தேதியைத் தன் படத்துக்குக் கீழேயிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

போதகர் தொண்டையைச் செருமினார். "உயிர்த்தெழுதலை ரெண்டு வாரம் தள்ளி வைக்க ஒரு தீர்மானம் போட்டுடலாமா?"

செயலாளர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பின்தெருவுக்கு நடந்தார்.

"முடிஞ்சிடுச்சாக்கா?"

"ஒரு மூலை பாக்கி. வந்து இந்தப் பக்கத்தைப் பிடிங்க."

ஒன்றரை மணி நேரம் பிடித்தார். தொய்ந்தபோதெல்லாம், "இழுத்துப் பிடிங்க சார், மைக்கப் பிடிக்கிற மாதிரி" என்றார் கணவர். நடுவில் நூல் தீர்ந்தது. செயலாளர் ஊசிக்குக் கை நீட்டினார்.

"குடுங்கக்கா, நான் கோக்கறேன்."

"வேண்டாம்."

அக்கா நூல் நுனியை உதட்டில் நனைத்தார். வலது கை நடுங்கியது. முதல் தடவை தவறியது, இரண்டாவதும் தவறியது. மூன்றாவதில் நூல் ஊசியின் மறுபக்கம் வந்து நின்றது. இந்த லெந்தில் கணவர் கோக்காமல் நுழைந்த முதல் நூல். செயலாளர் துணியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை, இடப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்த வெள்ளை விரிப்புக்குப் பின்னால் நின்று, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார் போதகர். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்ற பதிலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. லெந்தில் பாடக்கூடாதென்று நாற்பது நாள் பூட்டி வைத்திருந்த அல்லேலூயா ஒரேயடியாகத் திறந்துகொண்டது. செயலாளரும் பாடினார். பல ஆண்டுகளில் முதல் முறையாக அவர் குரல் தனியாகக் கேட்கவில்லை.

திருவிருந்துக்கு அக்கா பீடத்தின் முன் முழங்காலிட்டார். நோய் வந்த நாள் முதல் அவர் அப்பத்தை இடது கையில்தான் வாங்கிவந்தார். போதகர் பழக்கத்தில் இடப்பக்கம் குனிந்தார்.

"இந்தக் கையில குடுங்கய்யா."

வலது உள்ளங்கை ஆடியது. அப்பம் அதில் விழாமல் இருந்தது.

"மெதுவா" என்றார் பக்கத்தில் கணவர்.

"நீங்க உங்க கையைப் பாருங்க" என்று சொல்லி, அக்கா தன் கையைத் தானே வாய்வரை உயர்த்தினார்.